இரண்டு முடிவுள்ள கவிதை

பிற்பகல் நான்கு மணிக்குச் செய்தி வந்தது. அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். மெய்ப்புத் திருத்துகிற தம்பி மட்டும் மேசையை விட்டு எழவில்லை. போனில் அக்காவின் கணவர். வேலை நாளில் கூப்பிடுகிற மனிதர் இல்லை அவர்.

“மாப்ள, அக்கா போயிட்டாடா.”

“எங்க போயிட்டா?”

கேட்டதில் தப்பில்லை. அக்கா எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தவள்தான். சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அத்தான் பதில் சொல்லாமல் மூச்சு விடுவது கேட்டபோதுதான் தம்பிக்கு விளங்கியது. விடிகாலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டிருக்கிறாள். இறங்கி வந்து அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்து பார்த்திராத சக ஓட்டுநர்கள் முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்களாம்.

“உங்கிட்டதான் எல்லாம் சொல்லுவா” என்றார் அத்தான். “எங்க கொண்டுபோய் வைக்கணும்னு ஏதாவது சொன்னாளா? அங்க அனுப்பட்டுமா, இங்கயே முடிச்சிடட்டுமா? எனக்கு ஒண்ணும் ஓடல. ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரியில சொல்லணும்.”

“கொஞ்ச நேரம் குடுங்க அத்தான்.”

தம்பிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு அவன் பொடியன்தான். கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போன புதிதில், மொழி தெரியாமல் அந்த ஊரில் வாய் திறக்கப் பயந்துகொண்டு, பஸ் கழுவுகிற வேலையில் சேர்ந்தாள். ஈரத் துடைப்பத்தோடு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக்கொண்டே சில வருஷம். பிறகு ஒருநாள், “நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்” என்றாள். “நீ ஓட்டினா நான் நடந்தே போய்க்கிறேன்” என்றார் அத்தான். கடைசியில் அவள் பஸ்ஸில்தான் தினமும் தொழிற்சாலைக்குப் போனார். அதுவும் டிக்கெட் வாங்கித்தான். சொந்தப் புருஷன் என்று அவள் விட்டதில்லை.

அவள் கவிதை பிறந்ததும் அந்த பஸ்ஸில்தான். வழித்தடத்தின் கோடியில் எல்லோரும் இறங்கிய பிறகு, திரும்பக் கிளம்புவதற்கு முன் சற்று நேரம் பஸ் சும்மா நிற்கும். அப்போது போனை வாயருகே வைத்துச் சொல்லுவாள். நிறுத்தற்குறிகளோடு சொல்லுவாள், தம்பியின் தொழில் தெரிந்தவள். “கமா. அடுத்த வரி. டேய், என் சொல்லைத் திருத்தினே, கையை ஒடிச்சிடுவேன்.” தம்பி தட்டச்சு செய்வான். மறுநாள், “நேத்து சொன்னதை மாத்து.” அதற்கு மறுநாள், “மாத்தினதை மாத்து.” அவன் எதையும் அழிக்க மாட்டான். பழையதன் கீழே கோடு போட்டுப் புதியதை வைப்பான். ஆசிரியர் ஒப்புக்கொள்ளாமல் எதையும் அடிக்கக் கூடாது என்பது அவன் பிழைப்பின் முதல் பாடம்.

விடுமுறைக்கு இங்கே வந்தால் அவளுக்கு ஒரு வரியும் வராது. மூன்றாம் நாளே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். “இப்ப என் வண்டிய எவன் ஓட்டுறானோ” என்பாள். அங்கே போனால், “வந்துடறேன்டா, இந்தக் குளிர்ல மனுஷி இருப்பாளா” என்று புலம்புவாள். அவள் வந்துவிடுவாள் என்று நம்பித்தான் தம்பி மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டினான். நிறம் கேட்டதற்கு இரண்டு நிறம் சொன்னாள்.

அவள் கவிதைப் புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. கடைசிக் கவிதை மட்டும் முடியவில்லை. தம்பி அந்தத் தாளை எடுத்தான்.

*திட்டுவதற்கு ஒரு மொழி,*
*வழி சொல்ல ஒரு மொழி.*
*கனவில் வருகிறவர்கள் மட்டும்*
*வாயே திறப்பதில்லை.*

அதன் பிறகு, நேற்றுக் காலையில் சொன்ன முடிவு:

*தூக்கத்தில் உளறினாலும் புரிகிற தெருவில்*
*என்னைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.*

கோடு. அதன் கீழே, அதே நாள் மாலையில் சொன்னது:

*நான் உளறி முடிக்கும்வரை*
*சிரிக்காமல் காத்திருந்த தெருவில்*
*என்னை விட்டுவிடுங்கள்.*

முதல் தெரு இங்கே. இரண்டாவது அங்கே, அவள் தட்டுத்தடுமாறிப் பேசக் கற்ற ஊரில். அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் மேசையைச் சுற்றி நடந்தான். வெளியே போனான், தெருமுனை வரை போய்த் திரும்பினான். டீ குடித்துவிட்டு வந்த அச்சகக்காரர், “என்னய்யா, கால்ல சக்கரமா?” என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவனுக்கு அக்கா வேண்டும். உயிரோடு வராதவள் இப்படியாவது வரட்டும். முப்பது வருஷம் அங்கே இருந்தாள், போதாதா?

மறுபடி போன் அடித்தது. அக்கா மகள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

“மாமா, அப்பா சொன்னாரு. அம்மா ஏதோ எழுதிட்டிருந்தாங்களாமே. வாசிங்க.”

வாசித்தான். காலையில் சொன்ன முடிவோடு நிறுத்தினான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி மாமா. அம்மா கேட்டிருந்தா அனுப்பிடணும். நான் அப்பாகிட்ட சொல்றேன்” என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் போடவில்லை. நினைத்தது கைக்கு வந்துவிட்டது. அவன் கண் மட்டும் கோட்டுக்குக் கீழே போயிற்று.

“வச்சிடறேன் மாமா.”

“இரு. வைக்காத. இன்னொண்ணு இருக்கு.”

“என்ன இன்னொண்ணு?”

“இன்னொரு முடிவு. நேத்து சாயங்காலம் சொன்னா.”

அதையும் வாசித்தான். பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன்.”

அவள் திட்டினாள். இரண்டு மொழியிலும் திட்டினாள்.

“எது மாமா உண்மை?” என்றாள் கடைசியில்.

“ரெண்டும்தான். இன்னைக்கு இருந்திருந்தா மூணாவது ஒண்ணு சொல்லியிருப்பா, உங்கம்மா.”

அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்து அவளுக்குப் புரையேறியது. “அப்ப நான் யாரைக் கேக்குறது? நீங்களே சொல்லுங்க.”

தம்பி தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“நினைச்சா நீ எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை இங்க வர முடியும்?”

“தெரியல.”

“அங்கன்னா?”

“வேலைக்குப் போற வழிலயே இறங்கிப் பாப்பேன்.”

“அப்ப அங்கயே இருக்கட்டும்மா. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

“நீங்க வருவீங்களா?”

“அதுக்குள்ள வர முடியாது. பின்னாடி வரேன்.”

வீட்டுக்கு வந்தும் அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மாடிக்கு ஏறினான், இறங்கினான். தப்புச் செய்துவிட்டோமோ என்று அத்தானைக் கூப்பிடப் போனை எடுத்தான், வைத்தான். “பம்பரத்துக்குத் தம்பிதானே, சாட்டையில்லாமலே சுத்துறீங்க” என்றாள் மனைவி, சோற்றை மூடி வைத்துவிட்டு. பிறகு அவளே அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனான். எந்த முடிவை வைப்பது என்று அச்சகக்காரர் கேட்டார். இரண்டும் இருக்கட்டும், நடுவில் உள்ள கோட்டையும் எடுக்க வேண்டாம் என்றான். இரண்டையும் வைத்ததில் ஒரு பக்கம் கூடிவிட்டது. அதற்கு இன்னும் எண் போடவில்லை.