இடது பக்கம் சாயும் கத்தி

ஐம்பது பேருக்குச் சாப்பாடு போடுகிறவன் ஐம்பது குறைகளையும் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். மெஸ் நடத்தி நொந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு. செங்கொடி பிடித்து நான் நடத்திய நெசவாளர் கூலிப் போராட்டத்தில் போலீஸ் தடி என் வலது முழங்காலில் விழுந்தது. அதன்பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. கூலி உயர்ந்தது, உயர்ந்த கூலியை வாங்க எனக்குத் தறி இல்லை. மடங்காத காலைத் தறிக்குழியில் விட்டு மிதி மிதிக்க முடியாது. நானும் என் மனைவி சரோஜாவும் பிள்ளையார்பாளையத்தில் சைவ மெஸ் ஒன்று திறந்தோம். அடுப்பு அவளுக்கு, காய் நறுக்குவது எனக்கு. அரிவாள்மனை முன்னால் உட்காரவும் இந்தக் கால் மடங்காது என்பது முதல் நாள் காலையில்தான் உறைத்தது.

கப்பலில் வந்தது

என்னோடு சிறையில் இருந்த மாணிக்கம் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சங்கதி கேள்விப்பட்டு ஒரு கத்தியோடு பஸ் ஏறி வந்தார். ஜப்பான் கப்பல் சமையல்காரன் ஒருவன் அவருக்குக் கொடுத்தது. முக்கால்வாசி காய்கறிக் கத்தி போல அகலம், நேர் விளிம்பு. முனை மட்டும் சரிவாகச் சீவி, மீன் கத்தி போலக் கூர்மை. வலது பக்கம்தான் சாணை. இடது பக்கம் முகம் பார்க்கலாம், அவ்வளவு மட்டம்.

மேசை போட்டு நின்றபடி ஒரு வீசை கத்தரிக்காயை நறுக்கிப் பார்த்தேன். பல நாள் கழித்து என் கை வேலை செய்வதை நானே வேடிக்கை பார்த்தேன். மாணிக்கம் சொன்னார்: "இது ரெண்டுங்கெட்டான் கத்தி தோழரே. நீயும் இப்ப தறிக்காரனும் இல்ல, சமையல்காரனும் இல்ல. ஜோடி சரியா இருக்குது."

பரங்கிக்காய்

ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி நேராக இறங்காது. இறங்க இறங்க இடது பக்கம் இழுக்கும். இது தெரியாமல் பரங்கிக்காயை வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் மேலே மெலிசு, கீழே தடிப்பு. சாம்பாரில் பாதி கரைந்தது, பாதி வேகவில்லை.

அன்று பந்தியில் ஏழுமலை இருந்தான். போராட்டத்தின் நடுவில் முதலாளி கொடுத்த பாவு நூலை வாங்கிக்கொண்டு முதலில் தறிக்குப் போனவன் அவன். இப்போது என் மெஸ்ஸுக்குத் தினம் வருகிறான். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எழுந்து வந்து கத்தியைப் பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "தலைவரே, உன்ன மாதிரியே நேரா ஆரம்பிச்சி இடது பக்கம் போவுதுபா! சங்கத்துல சேத்துடு."

சாணைக்காரர்

கத்தி மழுங்கியது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் வலது பக்கம் மட்டும் பிடிக்கும்படி மூன்று முறை சொன்னேன். உலை பொங்குகிறது என்று சரோஜா கூப்பிட்டாள். உள்ளே போய் வந்தேன். அதற்குள் மட்டமான பக்கத்திலும் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

அதை மறுபடி மட்டமாக்க எட்டு நாள் கல்லில் தேய்த்தேன். அதுவரை சரோஜாதான் அடுப்புக்கும் அரிவாள்மனைக்கும் ஓடினாள். நான் திட்டியதற்குச் சாணைக்காரர் துளியும் அசையவில்லை: "ஒரு பக்கம் மட்டும் தீட்டிட்டு உட்டா, பாக்கறவன் என்னை அரைவேலைக்காரன்னு சொல்ல மாட்டானாபா?"

கற்பூரம்

மாணிக்கம் மறுபடி ஒரு நாள் வந்து பந்தியில் உட்கார்ந்தார். பொரியலை மென்றுகொண்டே பெருமையாக உரக்கச் சொன்னார்: "அந்தக் கப்பல்காரன் இதே கத்தியில மீன் அறுப்பான் பாரு, பூ மாதிரி உழும்!"

கைகள் இலையில் அப்படியே நின்றன. எல்லாரும் பொன்னுசாமியைப் பார்த்தார்கள். எழுபது வயது நெசவாளர், சுத்த சைவர். அவர் சொல்லைத் தெரு மீறாது. அவர் நிதானமாகச் சொன்னார்: "கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணுபா, இந்தக் கத்தி மீனைத் தொடலன்னு. நாங்க நம்பறோம்."

நான் சத்தியம் செய்யவில்லை. தொட்டது, கழுவியாயிற்று என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் போராட்டக்காரனே இல்லை. "புழுவை வெந்நீரில் போட்டு உருவிய பட்டு நூலைத்தானே சாமிக்குச் சாத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். இலைகள் மடிந்தன. பந்தி காலியானது.

மறுநாள் ஏழுமலை மட்டும் வந்தான். ஒரு வாரம் சோறு மிஞ்சியது. மெஸ்ஸை மூடிவிட்டு எங்கே போவது என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சரோஜா கேட்டாள்: "உனக்குத்தான் சாமியே இல்லியே, அப்புறம் பொய்ச்சத்தியம் பண்ண இன்னாய்யா பயம்?"

கொத்தவரங்காய்

எதிரே நிற்கும் மனிதர்களிடம் பொய் சொல்லத்தான் பயம் என்று அவளிடம் சொன்னேன். அவள் கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். இனி அரிவாள்மனைதான் என்று தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் பின்கட்டில் சும்மா நின்றேன். சிறையில்கூட எனக்கு அவ்வளவு நேரம் மிஞ்சியதில்லை.

இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்தவள் காயைப் பெரிதாகத்தான் நறுக்கினாள். நாலாம் நாள் கொத்தவரங்காய்ப் பொரியல். பொன்னுசாமிக்கு மேல்வரிசையில் பல்லே கிடையாது. ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார், மெல்ல முடியாமல் இலை ஓரத்தில் குவித்தார். பிறகு எழுந்து, ஈரக்கையோடு பின்கட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்தார்.

"நெருப்புல ஒருவாட்டி காட்டிட்டா இரும்புக்கு ஜாதி ஏதுபா? எடுத்துப் பொடியா நறுக்கு."

இருபது வருஷம் துண்டுப் பிரசுரம் அச்சடித்து இந்தத் தெருவின் காதில் நான் ஏற்றமுடியாத ஒரு வாக்கியத்தை, ஒரு கிழவருக்கு விழுந்துபோன பற்கள் ஒரே வேளையில் ஏற்றிவிட்டன.