லெனாட்டின் மீன்பெட்டி

குருநகர் நீக்கிலாப்பிள்ளையின் மகன் லெனாட்டுக்கு நான் முப்பத்தெட்டாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். ஏழு வருடமாக அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நான் சோமசேகரம். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு பழைய அம்பிளிபயரும் இரண்டு ஒலிபெருக்கியும் வைத்துத் தொழில் தொடங்கினேன். இன்றைக்குக் கொக்குவிலில் சொந்தக் கடை, சொந்த லொறி. ஒரே நாளில் மூன்று கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் போடுவேன். வலிகாமத்தில் எனக்கிருக்கிற காது வேறொருவனுக்கும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

லெனாட் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். கையெல்லாம் எப்போதும் எண்ணெய். பின்னேரங்களில், பழுதான ரேடியோக்களின் உள்பாகங்களைக் கழற்றி ஒரு பலகை மீன்பெட்டிக்குள் பூட்டுவான். பன்னிரண்டு வோல்ட் பற்றரியில் வேலை செய்யும் அந்தப் பெட்டிதான் அவனுடைய வாத்தியம். திருகைத் திருப்பினால் உறுமும், முனகும், சில நேரம் அழும். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கிற தனுசியா ரயில் கேற் மணி, தண்ணீர் இறைக்கிற மோட்டர், மீன்சந்தை ஏலம் என்று கண்ட சத்தத்தையெல்லாம் போனில் பிடித்துக் கணினியில் வெட்டி ஒட்டுவாள். கீபோர்டுக்குக் கோகுலன். மூன்று பேர் சேர்ந்த குழு என்பதால், மூன்று கம்பியில் வருகிற கரண்டைப்போல, 'திரீ பேஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

2017இல் யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு மண்டபத்தில் முதல் கச்சேரி. சவுண்ட் என்னுடையது. நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

"என்ன பிள்ளை, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று தனுசியாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தொடங்கிப் பத்து நிமிசம், மாமா."

அந்த நேரம் பார்த்து மீன்பெட்டியிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. 'ம்ம்ம்' என்று ஒரே சீராக. எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் மைக் கூவினாலும் இரைந்தாலும் பாடுகிறவரைப் பார்க்கமாட்டார்கள். சவுண்ட்காரனைத்தான் பார்ப்பார்கள். நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. நாற்பது வருடத் தொழிலில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். மேடையில் ஏறி, பெட்டியின் வயர்களைக் கழற்றி, மின்வெட்டுக்கென்று நான் வைத்திருந்த பற்றரிகளில் கொழுவினேன். அவை இரண்டையும் லொறிக்குப் பூட்டுகிறமாதிரிச் சேர்த்து வைத்திருந்தது அந்த அவசரத்தில் நினைவில்லை. பன்னிரண்டு கேட்கிற பெட்டிக்கு இருபத்துநாலு வோல்ட். பெட்டி ஒருமுறை 'கிறீச்' என்றது. பிறகு புகை. நாற்பது பேரும் அதையும் கச்சேரியென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

எட்டு மாத வேலை. பழைய ரேடியோச் சாமான் போக, கொழும்பிலிருந்து எடுப்பித்தது மட்டும் முப்பத்தெட்டாயிரம். அந்த இரைச்சல்தான் அன்றைய பாட்டு என்பதைத் தனுசியா அழுதுகொண்டு சொன்னாள்.

"உன்ரை பெட்டி பழுது, தம்பி" என்று லெனாட்டிடம் சொல்லிவிட்டு, என் சவுண்ட் வாடகை பதினையாயிரத்தையும் கேட்டு வாங்கினேன். அவன் எண்ணித் தந்தான்.

அதோடு என்னைக் கைகழுவியிருக்கலாம். அவன் செய்யவில்லை. சிறிதாக இன்னொரு பெட்டி செய்தான். பல்கலைக்கழகக் கம்பஸில் வாசித்தார்கள். குருநகரில் வாசித்தபோது பாதிச் சனம் எழும்பிப் போனது. மிச்சத்தில் ஒருவர், "தம்பிமார், ஜெனரேற்றரை நிப்பாட்டிப்போட்டுப் பாட்டைப் போடுங்கோவன்" என்றார். கோகுலன் கனடாவுக்குப் போனான். எரிபொருள் இல்லாத வருடம் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அப்போதும் லெனாட்டின் எஞ்சின் கொட்டிலில் இருவரும் பற்றரியில் வாசித்தார்கள். எல்லாக் கச்சேரிக்கும் என்னைத்தான் கூப்பிட்டான்.

"ஏனடா என்னையே கூப்பிடுறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்டைக்கு அந்த இரைச்சல் எல்லாருக்கும் கேட்டது, ஐயா. உங்களுக்கு மட்டும்தான் பொறுக்கேலாமல் போனது. அப்பிடிக் காதுள்ள ஆள் எங்களுக்கு வேணும்."

அது பாராட்டா, குத்தலா? பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பழைய 'ம்ம்ம்' சின்னப் பெட்டியில் ஒருநாளும் வரவில்லை. எனக்குத் தெரியும். என் காது அப்படி.

போன வருடம், அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த ஒருவர் கொழும்பில் நடத்துகிற இசைவிழாவிலிருந்து திரீ பேஸுக்கு அழைப்பு வந்தது. முதல் கச்சேரியில் பாதியில் நின்ற அந்த உருப்படியை முழுதாக ஒரு மணித்தியாலம் வாசிக்க வேண்டுமாம். அதற்குப் பெரிய பெட்டி வேண்டும். இரண்டு கிழமைக்குப் பிறகு நீக்கிலாப்பிள்ளை என் கடைக்கு வந்தார்.

"சோமசேகரத்தார், உமக்குத் தெரிஞ்ச ஆரும் வள்ளத்து எஞ்சின் வாங்குவினமோ?"

"ஆற்றை எஞ்சின்?"

"எங்கடை லெனாட்டின்ரை. அதை வாடகைக்கு விட்டுத்தான் எங்கடை அடுப்பு எரியுது. பெட்டிச் சாமான் இப்ப ஒரு இலட்சத்துப் பத்தாயிரமாம். வித்தால்தான் கொழும்புப் பயணமாம். வயித்தெரிச்சல்!"

"முந்தின பெட்டிக்கு என்ன நடந்ததெண்டு சொன்னவனோ?"

"தான்தான் வயரைப் பிழையாக் குடுத்து எரிச்சதாம். விசரன்."

ஏழு வருடம் என் பிழையைத் தன் தகப்பனிடம்கூடத் தன்னுடையதாகச் சொல்லியிருக்கிறான். பின்னேரம் வங்கியில் காசெடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். கொட்டிலில் லெனாட் அந்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். தனுசியாவும் இருந்தாள்.

"எஞ்சின் விக்கிறேல்லை" என்றேன்.

"ஏன், ஐயா?"

"உன்ரை பெட்டியிலை ஒரு பழுதும் இருக்கேல்லை. இருபத்துநாலைக் குடுத்து எரிச்சது நான்."

அவன் தலை நிமிரவில்லை. "தெரியும், ஐயா."

"தெரிஞ்சால் ஏன்ரா கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"கையை நீட்டு."

"எண்ணெய், ஐயா."

"இருக்கட்டும். முப்பத்தெட்டு அண்டைய விலை. சோமசேகரம் குடுத்தால் இண்டைய விலைக்குத்தான் குடுப்பான்."

அந்தக் கறுத்த உள்ளங்கையில் ஐயாயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். இருபத்திரண்டு. நிமிர்ந்தபோது தனுசியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு வாங்கின வாடகை, மாமா?"

லெனாட் சிரித்துவிட்டான். ஆனால் கையை மடக்கவில்லை. நான் சட்டைப் பையைத் தடவி எடுத்தேன். இருபத்துமூன்று. இருபத்துநாலு. இருபத்தைந்து.