ஏழாம் நம்பர் மலையில் நான் புதைத்த ஆள்

மர்ம நாவல் என்றால் கடைசி அத்தியாயத்தில் பிணம் கிடைத்தே ஆக வேண்டும். முந்நூறு பக்கம் வாசகரை இழுத்தடித்துவிட்டு, யாருக்குத் தெரியும் என்று கையை விரிக்கிற எழுத்தாளர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதுளையில் வாடகை அறையில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக் கொப்பிகளைத் திருத்திய மிச்ச நேரத்தில் நான் எழுதிய முதல் நாவலில் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். செய்யவில்லை. அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன்.

நான் பிறந்தது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளில் ஒன்றில். எங்கள் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராவில் ஓர் அக்கா இருந்தாள். சொந்த அக்கா இல்லை. ஆனால் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். அவளுடைய புருஷன் ஒருநாள் காலையில், தோட்டத்து மரங்களை யாரோ திருட்டுத்தனமாக வெட்டி லொறியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஹல்துமுல்லைக்குப் போய்த் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குறுக்குப் பாதையில் இறங்கினார். நல்ல பனிமூட்டம். ஒற்றைச் செருப்பில் வார் அறுந்து, செப்புக் கம்பியால் கட்டியிருந்தார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. போலீசில் என்ட்ரி போட்டார்கள், தேடினார்கள், விட்டுவிட்டார்கள்.

பிணம் கிடைக்காத ஆளுக்குக் கருமாதி எப்படிச் செய்வது? அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஆள் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம் என்று லயத்தில் பேசி முடிவு செய்தார்கள். பத்தொன்பது வருடமாக, கல்யாணமோ சடங்கோ, ஆரத்தித் தட்டைத் தூக்க மற்றச் சுமங்கலிகளோடு அவளையும் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. "இருக்காரா, இல்லையா? அத மட்டும் யாராச்சும் சொல்லிட்டா போதும் புள்ள" என்பாள்.

அந்தக் கதையைத்தான் நான் எடுத்தேன். திருடினேன் என்று சொன்னாலும் சரிதான். ஆட்களின் பெயரை மாற்றினேன், தோட்டத்தின் பெயரை மாற்றினேன். அந்தச் செப்புக் கம்பியை மட்டும் விட மனம் வரவில்லை. என் நாவலின் முடிவில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்குகிறபோது ஏழாம் நம்பர் மலையில் எலும்புகள் கிடைக்கும், கூடவே கம்பி கட்டிய செருப்பும் கிடைக்கும். எழுதி முடித்த அன்று எனக்கே புல்லரித்தது. என்ன திமிர் பாருங்கள்! எங்கள் தோட்டத்திலும் ஏழாம் நம்பர் மலை இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. தேயிலை மலைகளை நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்; எந்தத் தோட்டத்தில்தான் ஏழாம் நம்பர் இல்லை?

புத்தகம் லயத்துக்கும் போயிற்று. பிள்ளைக்காம்பிராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா, மத்தியானம் பால் கொடுக்க வரும் தாய்மாருக்கு அதை உரக்க வாசித்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் வாய்விட்டு அழுதார்களாம். கேட்டு நான் பூரித்துப் போனேன். அவர்கள் அழுதது கதைக்காக அல்ல என்று விளங்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அக்காவின் தம்பி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்கு நடந்தேன். ஏழாம் நம்பர் மலையைத் தாண்டும்போது பனி இறங்கி, பாதையோரத் தேயிலை மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆளைக் கொண்டுபோய் அங்கே புதைத்தவளே நான்தான். நடையை எட்டிப் போட்டேன்.

சடங்கு வீட்டில் ஆரத்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். சொந்த அத்தையைக் கூப்பிடவில்லை. அக்கா சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கம் போனாள்.

"அத்தக்காரி இருக்க, வேற ஆளக் கூப்புடுறீங்களே?" என்றேன்.

"நீங்களே எழுதிட்டு நீங்களே கேட்டா எப்படிங்க டீச்சர்?" என்றாள் பெண்ணின் தாய். "மதினி மேல எனக்கு என்ன கோவம்? நல்ல காரியம் பாருங்க."

"ஐயோ, அது கதைங்க! நானாக் கட்டிவிட்டது!"

ஆயம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்க. நாங்க போலீசுக்கெல்லாம் போக மாட்டோம். கம்பி சங்கதி எங்களுக்கும் தெரியும். ஏழாம் நம்பர் மலை ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

எனக்குக் கண்மண் தெரியாமல் ஆத்திரம் வந்தது. அவர்கள் மேலா, என் மேலா என்று இன்றுவரை தெரியாது. ஆரத்தித் தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்தேன். "அந்த மனுசனுக்கு என்ன ஆச்சின்னு எனக்குத் தெரியாது. எழுதினது அத்தனையும் பொய். சத்தியம்!"

சூடத்தில் அடித்த சத்தியத்துக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பெண்ணின் தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்ப மதினியக் கூட்டியாங்க" என்றாள்.

பின்பக்கம், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலியடியில், அக்கா அதைப் பார்த்தபடி நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "வாங்கக்கா, எல்லாம் சரியாப் போச்சு. பொய்யின்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"யாரு ஒன்னச் சத்தியம் பண்ணச் சொன்னா?"

என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"தட்டுத் தூக்காட்டி எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? பத்தொம்பது வருசமா நா கதவுக்குத் தாப்பா போட்டதில்ல. அவரு வந்து தட்டுறப்ப நா அசந்து தூங்கிட்டா, திரும்பிப் போயிருவாரோன்னு பயம். ஆயம்மா அதப் படிச்ச அன்னைக்குத்தான் தாப்பா போட்டேன். எடம் தெரிஞ்சிருச்சு, இனி வரமாட்டாருன்னு. மூணு மாசமாத் தூங்குறேன் புள்ள. வார வெள்ளிக்கெழம கருமாதி செய்யலாமுன்னு தம்பிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன்."

அப்புறம் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "நெசமாவே ஒனக்கு ஒண்ணும் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். முந்நூறு பக்கம் பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய் என்ன பாரமா? உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாதுக்கா."

உள்ளேயிருந்து, "மதினி, நேரமாகுது!" என்று கூப்பிட்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் தளும்பாமல் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். பெண்ணின் தாய் குங்குமத்தை எடுத்து அவள் தாலியில் வைத்தாள்.

"அண்ணன் எங்கயோ நல்லாத்தான் இருப்பாரு மதினி. வந்துருவாரு பாருங்க."

அக்கா தலையை ஆட்டினாள்.