நுனிக்காலில் கோச்சா

குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் எம்பி எம்பி, கருவிப் பெட்டியோடு முற்றத்தைக் கடக்கிறார் கோச்சா. "சேவல் வருது, வழி விடுங்கடா!" என்று தாயம் உருட்டிக்கொண்டே கத்துகிறான் பக்கத்து வீட்டு வாலிகோ. கோச்சாவின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். ஆகவே பதில் சொல்ல அவன் காதுவரை போகிறார். "நான் வந்தாத்தானடா உனக்கு விடியுது."

குத்தாயிசி நகரத்தில் இந்த நடையைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். இளவயதில் சளி மாத்திரையிலிருந்து போதைமருந்து காய்ச்சி ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களின் நடை அது. மருந்தில் கலந்து உள்ளே போன மாங்கனீசு என்ற உலோகம் மூளையில் தங்கி, நடையோடு குரலையும் கெடுத்துவிட்டது. அவர் ஊசியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நடை அவரை விடவில்லை. "எவனும் குத்திவிடல. நானேதான் குத்திக்கிட்டேன்," என்பார், கேட்காதவர்களிடமும். அது குற்ற உணர்வா, கர்வமா என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

பின்னோக்கி ஓர் அடிகூட அவரால் வைக்க முடியாது. வைத்தால் மல்லாந்து விழுவார். கதவை இழுத்துத் திறக்க வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டுமே! அதனால் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம், எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் திறக்கும் சுருள்வில் கீல்களை மாட்டினார். பிறகு, அதே நடை நடக்கும் மற்றவர்களின் வீடுகளிலும். அதுவே தொழிலாகிவிட்டது.

மகள் தெக்லேயின் கல்யாண விருந்துதான் அவரைச் சோதித்தது. ஊர் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று வாழ்த்திவிட்டு, கோப்பையாகச் செய்த மாட்டுக்கொம்பு நிறைய இருக்கும் மதுவை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அண்ணாந்தால் கோச்சா விழுவார்.

"உக்காந்தே குடிங்க அத்தான், யாரு கேக்கப்போறா?" என்றான் மைத்துனன் ரேவாஸ். "இல்லேன்னா நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன்."

"பிடிச்சு நிறுத்த நான் என்ன கொடிக்கம்பமா? எம்பொண்ணு கல்யாணத்துல நான் நிப்பேன்."

விருந்தை நடத்துபவர் கொம்பை நீட்டினார். கோச்சா எழுந்தார். அந்தக் குரலைப் பிடிக்கக் கூடமே முன்னால் குனிந்தது. "தெக்லே, நீ பேசக் கத்துக்கிட்ட வருஷம் என் குரல் போச்சு. இனிமே நீ சத்தமாப் பேசு."

கொம்பு உதட்டைத் தொட்டது. ரேவாஸ் கைகளை நீட்டிக்கொண்டு ஓடினான். தெக்லே அவனை விலக்கினாள். வெள்ளை உடையை ஒதுக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போய்த் திரும்பி, உயரம் அளப்பதுபோல் முதுகோடு முதுகு சேர்த்து நின்றாள்.

கோச்சா அண்ணாந்தார். சாய்ந்தார். அவள் அசையவில்லை.

குடித்து முடித்ததும் கொம்பை எல்லோரும் பார்க்க உயரத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.