கொல்லை மேடைக்குக் கால் நட்டது

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறு வருஷம் என் வீட்டுக்காரர் சைகோனிலிருந்து திரும்பினார். ஏழு வருஷம் அங்கே சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து சைகோன் போய் வந்தவர்களில் இரண்டு பேருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. இவருக்கும் இருக்கிறதா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால், "சும்மா இரு" என்பார். "மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு?" என்று நானும் குத்திக்கொண்டேதான் இருந்தேன்.

வந்த மூன்றாம் வாரம், கொல்லையில் மரத்தால் மேடை போடுகிறேன் என்று கடப்பாரையை எடுத்தார். அங்கெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கால் நட்டு, பலகை அடித்து, அதன் மேல்தான் உட்காருவார்களாம், படுப்பார்களாம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி, உன் வூட்டுக்காரரு ஆட்டுக்குப் பரண் போடறாரா?" என்று சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

வேலையாவது ஒழுங்காக நடந்ததா? எங்கள் கொல்லை முழுக்க மணல். ஒரு முழம் இறங்குவதற்குள் பக்கமெல்லாம் சரிந்து குழி தூர்ந்துவிடும். மனிதர் ஒரே குழியை நாலு தடவை தோண்டினார். துப்பாக்கி பிடித்த கைக்குக் கடப்பாரை வருமா! பார்க்கச் சகிக்காமல், "தண்ணி ஊத்திக்கினே தோண்டுங்க, மணல் கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, நானே கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினேன். ஈர மணல் நின்றது. இரண்டு நாளில் ஆறு குழி. அடியில் தார் பூசிய சவுக்குக் கால்களை இறக்கி, சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டு இடித்தோம். ஆறும் அசையவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் படிகளுக்குக் குட்டைக் கால்கள் நட்டார். படிக்குப் படி அரைச் சாண்தான் உயரம்.

"முட்டி ஒசரத்துக்கு அஞ்சு படி எதுக்கு? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எட்டுதானே" என்றேன்.

கடப்பாரையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு வயசுப் பொண்ணுக்கு அதுக்கு மேல கால் எட்டாது."

கையிலிருந்த குடத்தைப் போட்டு உடைத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அழுது ஓய்ந்த பிறகு சமையல்கட்டிலிருந்தே கேட்டேன்: "அவ அம்மா?"

"போன வருஷம் செத்துட்டா. புள்ள அங்க கன்னியாஸ்திரீங்க மடத்துல இருக்குது. நீ சரின்னா கூட்டியாரலாம். இல்லன்னா வேணாம்."

சமையல்கட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். சாயங்காலம் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். படிக்கு நட்ட கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மேலாகத்தான் நட்டிருந்தார் போலிருக்கிறது, முள்ளங்கி மாதிரி கையோடு வந்தன. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் தீரவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. அந்தக் குழந்தை எனக்கு என்ன செய்தது?

கொல்லைக்கு இறங்கிப் போனேன்.

"இவ்ளோ மேலாக நட்டா நிக்குமா? புள்ள ஏறிக் குதிக்கும். இன்னும் ஒரு முழம் தோண்டுங்க" என்றேன்.