ஆண்ட்டி போட்ட ஓவர்

நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு பல கோடைகள், என் கணவர் ஆடும் கிரிக்கெட்டை எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். எடிசனுக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டி பூங்கா. சனிக்கிழமை லீக். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருப்பவர்கள் அன்று காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, வாத்துகள் புல்லில் போட்டுவைத்திருக்கும் எச்சத்தைக் கூட்டித் தள்ளுவது. பிறகு பிட்ச்சுக்காகத் தென்னைநார் விரிப்பை இழுத்துப் பிடித்து நீள ஆணி அடிப்பார்கள்.

கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு நான் ஆஃப் ஸ்பின் போட்டவள் என்பது அங்கே கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் பார்த்ததில்லை. கல்யாணம், விசா, மகள், பார்சிப்பனியில் வேலை என்று ஒவ்வொன்றாக வந்ததில் பந்து கையைவிட்டுப் போயிருந்தது. பெரிய வருத்தமெல்லாம் இல்லை. ஆனால் யாராவது ஸ்பின் என்ற பெயரில் தட்டையாக வீசினால் என் விரல்கள் தாமாகவே நாற்காலிக் கையைத் திருகும்.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை எங்கள் அணியில் ஓர் ஆள் குறைந்தது. அவருடைய கார் வழியில் நின்றுவிட்டது. கேப்டன் மதுரைக்காரர், என்னைவிடச் சின்னவர். நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, சும்மா ஃபீல்டுல நின்னாப் போதும். பந்து வந்தா நாங்க ஓடி வந்துர்றோம்."

நான் பதில் சொல்வதற்குள் கணவர் சொன்னார்: "நிக்க மட்டும் ஏன்டா கூப்பிடுற? பவுலிங் குடு. காலேஜ் டீம்ல ஸ்பின் போட்டவ."

பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "வெயிட். அம்மா, யூ ப்ளே?"

எதிரணி கேப்டன் சிரித்தபடி சம்மதித்தார். அரை மணி நேரம் மிட் ஆனில் நின்ற பிறகு பந்து என் கைக்கு வந்தது. எதிரே நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் தமிழ்ப் பையன், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். "ஆண்ட்டி, தோள்பட்டை பத்திரம்" என்றான். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை.

முதல் பந்து கையிலிருந்து நழுவி ஃபுல் டாஸாகப் போனது. அவன் அதை வாகனம் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினான். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆறுதலாகக் கைதட்டினார்கள். சிக்ஸரைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கணவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "கஷ்டமா இருந்தா விட்டுடு, பரவால்ல."

"இருங்க. இப்பத்தானுங்க கைக்கு ஞாபகம் வருது."

அடுத்த பந்தை அவன் தடுத்தான். அதற்கடுத்ததும் அப்படியே. பிறகு ஒன்றை உயரத் தூக்கி, கொஞ்சம் மெதுவாக விட்டேன். அவன் ஆசையாக இறங்கி வந்தான். பந்து நாரைப் பற்றித் திரும்பி, மட்டைக்கும் காலுக்கும் நடுவே நுழைந்தது. ஸ்டம்ப் சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு எல்லைக்கோட்டில் மகள் கத்திய கத்தல் கேட்டது.

அவன் போகாமல் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆண்ட்டி, இது எப்படித் திரும்புச்சு?"

"மேட்ச் முடியட்டும் கண்ணு, காட்டுறேன்."

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். மறுநாள் தலை வார என்னால் கையைத் தூக்க முடியவில்லை. மகள்தான் பின்னிவிட்டாள், கோணல்மாணலாக. மாலையில் கேப்டன் போன் செய்தார். அடுத்த வாரம் ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள், ஆனாலும் நான் ஆட வேண்டும், யாரை உட்கார வைப்பது என்று தெரியவில்லை என்றார். கணவர் போனை வாங்கினார். "என்னத் தூக்கிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு வருத்தமா இல்லைங்களா?"

"இருக்கு. ஆனா நீ பந்து போட்டத நேத்துதான் மொத மொறையாப் பாத்தேன். இன்னும் பாக்கணும்."

அதிலிருந்து ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். இந்த வசந்தத்தில் வாட்ஸப்பில் தகவல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட ஒரு பெண்கள் அணி சேர்ந்தது. ஒரு நர்ஸ், ஒரு பல் டாக்டர், மட்டையையே தொட்டறியாத மூன்று புரோகிராமர்கள், இன்னும் சிலர். போன ஞாயிறு எங்கள் முதல் ஆட்டம் பாதியிலேயே மழையில் நின்றது. யாரும் காருக்குப் போகவில்லை. மரத்தடியில் நனைந்துகொண்டே, அடுத்த வாரம் யார் முதலில் இறங்குவது என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.