கீழே இறங்கிய பிரேக் மிதி

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து முன்னே பின்னே இருக்கும், மறதியும் உண்டு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று விடாத சாரல். குற்றாலத்தில் சாரல் உள்ளே அடிக்கிற எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில், காலமான என் வீட்டுக்காரர் ஓட்டிய பழைய கார் நிற்கிறது. இப்போது மகன் ஓட்டுகிறான். அவனுக்குத் தொழில் தண்ணீர் மோட்டார், பைப்பு வேலை. மத்தியானம் மருமகளைச் செங்கோட்டை மலைப்பாதை வழியாகப் புனலூரில் அவள் அம்மா வீட்டில் விட வேண்டும். அதற்காகவே முன்சக்கரங்களுக்கு வேறொரு வண்டியின் டிஸ்க் பிரேக்கை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

பழைய பிரேக் பைப்பின் நட்டு புதிய ரப்பர் ஹோஸில் ஏறவில்லை. பழையது இஞ்சு, புதியது மில்லிமீட்டர் என்றான். இரண்டுக்கும் நடுவில் வைக்க, தென்காசியில் ஒரு பித்தளை இணைப்பு வாங்கி வந்தான். அது ஏறியது, ஆனால் லேசாக ஆடியது. தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் சுற்றி இறுக்கிவிட்டான்.

பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க ஒரு ஆள் மிதிக்க வேண்டும். என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னான். அந்த இடத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. மிதியின் ரப்பர் என் வீட்டுக்காரர் காலுக்கு ஏற்றபடி ஒரு ஓரமாகக் குழிந்திருந்தது.

“எம்மா, அமுக்கு. அப்படியே பிடிச்சிக்கோ.”

சக்கரத்துக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மூட்டம், தூரத்தில் அருவி இரைச்சல். காற்று போய்விட்டது என்றான். மிதி கல் மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் அது மெல்ல இறங்கியது. அடியில் யாரோ என் பாதத்தைப் பிடித்து, அவசரமில்லாமல் தன் பக்கம் இழுக்கிற மாதிரி.

“லே, இது கீழ போகுது.”

“நீ அமுக்குத, போகுது.”

“நான் சும்மா வச்சிருக்கேன். அதுவா இழுக்குது.”

அவன் குனிந்து பார்த்தான். “ஒழுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மழத்தண்ணி. அப்பா வந்து மிதிக்காவளோ என்னவோ.”

பையோடு வந்த மருமகள், “அத்தைய ஏன் பயங்காட்டுதிய?” என்றாள்.

“எம்மா, இறங்கு. கிளம்பணும்.”

எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஆனாலும் இறங்கவில்லை. மிதி தரையைத் தொட்டுவிட்டது.

“இத நம்பி அவள மலையில கொண்டுபோவாத.”

மருமகள் பையை வைத்துவிட்டு, காய்ந்த துணியால் அந்த இணைப்பைத் துடைத்தாள். “இப்ப மிதிங்க அத்தை.” மிதித்தேன். செல்போன் வெளிச்சத்தில் நட்டின் கழுத்திலிருந்து ஒரு சொட்டு ஊறி, ஈர ஹோஸில் மழைத்தண்ணீரோடு கலந்து ஓடியது. விரலில் தொட்டுப் பார்த்தாள்.

“வழுவழுங்குது. இது தண்ணியில்ல.”

மகன் அதைக் கழற்றினான். பைப்பின் வாய் புனல் போல விரிந்திருந்தது. இணைப்பின் உட்புறம் வேறு வடிவம். தண்ணீர்ப் பைப்பில் மரையை அடைத்தால் ஒழுக்கு நிற்கும். பிரேக்கில் பைப்பின் வாயும் இணைப்பின் வாயும் ஒன்றோடொன்று படிய வேண்டுமாம், டேப் உதவாதாம்.

மருமகள் செங்கோட்டையில் புனலூருக்கு ரயில் ஏறினாள். கார் கொட்டகையிலேயே நின்றது.

எண்ணெய் ஒழுகியதால்தான் மிதி இறங்கியது என்று மகன் சொன்னான். சரிதான். ஆனால் காலை எடுத்த பிறகும் என் பாதத்தைச் சுற்றி அந்தப் பிடி சாயங்காலம் வரை இருந்தது.

எது இஞ்சு, எது மில்லிமீட்டர், எந்த வாய் எப்படி என்பதை நான் மாற்றி எழுதியிருக்கலாம். பிரேக் வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். பிடித்து இழுத்ததை மட்டும் திருத்த வேண்டாம்.